காரணம் என்ற கட்டம்

பாலக்கோட்டுக்கு மேற்கே ஏழு கிலோமீட்டர்.
புளியமரத்து நிழலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.
காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம்.
நாலு ஈத்து முடிந்து
ஐந்தாவது வயிற்றில்.

காப்பீட்டுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
இறப்புக்கான காரணம்.
என் கட்டைவிரல் அகலம்.

மார்பைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது.
கெம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு
விலாவைப் பிடித்தான்.
இதயத்தைச் சுற்றிய பையில்
ஒரு கரண்டி தெளிந்த நீர் இருக்கும், இருக்கவேண்டும்.
இருந்தது ஒரு குடம்,
புளித்த கஞ்சியின் நிறத்தில்.
இதயம் கம்பளி போர்த்தியிருந்தது.

விரல்விட்டுத் துழாவினேன்.
தேன்கூட்டு இரைப்பையில் கிளம்பி
உதரவிதானத்தைத் தைத்துக்கொண்டு போயிருந்தது
ஆறு சென்டிமீட்டர் கட்டுக்கம்பி.

கம்பி என்று எழுதிவிடலாம்.
கட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் கம்பிக்குக் கால் இல்லை.
தக்காளிக்கொடியைக் குச்சியில் தூக்கிக் கட்டியது அது.
தை மாசம் பெட்டி நாற்பது ரூபாய்க்குக் கேட்டார்கள்.
பறிகூலிக்கே கட்டாது என்று
பக்கத்துக் காட்டுக்காரர் படலைத் திறந்துவிட்டார்:
"மேயட்டும் சாலம்மா, வீணாத்தானே போவுது."
நல்ல மனசு.
அதை எழுத இடமில்லை.

வெள்ளாடு உதட்டால் பொறுக்கித் தின்னும்.
மாடு நாக்கால் சுருட்டி அள்ளும்,
விழுங்கிய பிறகுதான் மெல்லும்.
அதுவும் தவிடு விலை ஏறிய வருசம்,
தாது உப்பு வாங்காமல் விட்ட வருசம்.
மண்ணிலும் தட்டிலும் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடி
சுவரை நக்கியிருக்கிறது,
சாலம்மாளின் செருப்பைக் கடித்திருக்கிறது,
எலும்பு கிடந்தால் எலும்பு.

விழுங்கிய கம்பி மாதக்கணக்கில் சும்மா கிடந்திருக்கும்.
எத்தனையோ மாடுகள் வயிற்றில் ஆணியோடு
கிழடு தட்டுகின்றன.
ஏழாம் மாதம் கன்று வளர்ந்தது.
வளர்ந்து, இரைப்பையை முன்னால் தள்ளியது.
அங்கிருந்து இதயம் நாலு விரற்கடை.
ஒவ்வொரு அசைபோடலுக்கும் ஒரு நெல்மூக்கு தூரம்.

வெளியே தெரிந்ததெல்லாம் வேறு.
ஏரிக்கரைச் சரிவில் இறங்க மாட்டேன் என்றது.
முன்னங்கால் முட்டியை அகட்டியே நின்றது.
அலைதாடியில் நீர் கோத்துத் தொங்கியது.
கண்ணுபட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.
பதினாலாம் தேதி நான் வந்தேன்.
செரிமானக் கோளாறு என்று
பொடியும் கால்சியமும் கொடுத்துவிட்டுப் போனேன்.
மிளகாயாவது கொஞ்சம் நெடி கிளப்பியிருக்கும்.

முன்பே ஒரு காந்தத்தை விழுங்க வைத்திருந்தால்.
மருந்தக இருப்புப் பதிவேட்டில்
காந்தம் என்றொரு வரியே இல்லை.
வேண்டுமென்று எழுதிக் கேட்காதவனும் நான்தான்.

"இது நோயா சார், விபத்தா?"

விபத்தென்றால் வேறு படிவம், காவல் நிலையம், சாட்சி.
சாலம்மாளுக்குத் தெரியும்.
தெரிந்துதான் கேட்டாள்.

இதய உறை அழற்சி என்று எழுதினேன்.
உண்மைதான்.
வீடு எப்படி எரிந்தது என்று கேட்டவரிடம்
சூடு என்று சொல்கிற அளவுக்கு உண்மை.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது
கம்பியைக் கேட்டு வாங்கினாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு கெட்ட வார்த்தை சொல்லி
வீசி எறிந்தாள், வரப்புக்கு அந்தப் பக்கம்.

அங்கே அவளுடைய செவலைக் கிடாரி
மேய்ந்துகொண்டிருந்தது.

நானும் கெம்பனும் மண்டியிட்டு
அருகம்புல்லை விரலால் கோதிக்கோதித் தேடினோம்.
சாலம்மாளும் வந்து உட்கார்ந்தாள், பேசவில்லை.
பொழுது இறங்கியது.
கெம்பன் செல்போன் வெளிச்சத்தைத் தாழப் பிடித்தான்.

கிடாரி எங்களைப் பார்த்தபடியே
இன்னொரு வாய் பிடுங்கியது.